கோவென்ட்ரியில் கிடைத்த ஊர் டீம்

2022 செப்டம்பர் கடைசியில் நான் இங்கிலாந்துக்குப் படிக்கப் போனபோது என் பெட்டியில் இரண்டு மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துச் சட்டைகள் இருந்தன. ஒன்று என்னுடையது. இன்னொன்று அப்பாவுடையது. யுனைடெட்டின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டுக்குப் போகும்போது அதைக் கையில் பிடித்து ஒரு படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று கொடுத்துவிட்டிருந்தார். யுனைடெட் ஜெயித்த 1999 சாம்பியன்ஸ் லீக் இறுதிப் போட்டியை நள்ளிரவில் ஊர் கிளப் டிவியில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். ஆட்டம் முடிகிற நேரத்தில் விழுந்த அந்த இரண்டு கோல்களையும் இன்றைக்குக் கேட்டாலும் எழுந்து நின்றுதான் விவரிப்பார். நான் பிறந்தது அதற்கு அடுத்த வருடம். எனக்கு ஞானஸ்நானமும் யுனைடெட்டும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கிடைத்தன என்று வீட்டில் சொல்வார்கள்.

எங்கள் ஊர் குமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் இருக்கிறது. தூத்தூர், சின்னத்துறை பக்கம் போனவர்களுக்குத் தெரியும், அங்கே கிரிக்கெட்டெல்லாம் அப்புறம்தான். பள்ளி விட்டால் பந்து, ஞாயிறு பூசை முடிந்தால் பந்து. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு டீம். அப்பா எங்கள் ஊர் டீமில் லெஃப்ட் பேக். டீம் நன்றாக ஆடுகிறதா என்று பார்த்து யாரும் மைதானத்துக்குப் போவதில்லை. நம் ஊர் ஆடுகிறது, போகிறோம், அவ்வளவுதான். தோற்றால் வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வருவோம். அடுத்த ஞாயிறு மறுபடி போவோம்.

இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. கோவென்ட்ரியில் போய் இறங்கிய முதல் வாரத்தில் இது எனக்கு நினைவுக்கே வரவில்லை. அந்த ஊருக்கும் ஒரு டீம் இருக்கிறது, கோவென்ட்ரி சிட்டி, இரண்டாம் அடுக்கு லீகில் ஆடுகிறது என்று தெரியும். தெரிந்து என்ன? நான் யுனைடெட் ஆள்.

என்னோடு வீட்டில் இருந்த திருச்சிக்காரன் ஒருவன்தான் என்னை இழுத்துக்கொண்டு போனான். அவனுக்குக் கால்பந்தில் ஆர்வம் கிடையாது. ஸ்டேடியத்தில் நின்று ரீல்ஸ் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. அக்டோபர் 1, சனிக்கிழமை, மிடில்ஸ்பரோவோடு மேட்ச். டிக்கெட் தாராளமாகக் கிடைத்தது. ஏன் தாராளம் என்றால், அப்போது கோவென்ட்ரி பட்டியலின் அடிமட்டத்தில் கிடந்தது. அந்தச் சீசனில் அதுவரை ஒரு வெற்றிகூட இல்லை. அந்தக் கோடையில் நடந்த காமன்வெல்த் விளையாட்டில் ரக்பி செவன்ஸ் முழுவதையும் இந்த ஸ்டேடியத்தில் நடத்தியதில் புல்தரை நாசமாகி, ஆகஸ்டில் சொந்த மைதான மேட்சுகள் தள்ளிப்போயிருந்தன. (எங்கள் பக்கம் செவன்ஸ் என்றால் அணிக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்துதான். ரக்பியிலும் செவன்ஸ் உண்டு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.)

குளிருக்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு ஜாக்கெட். சிவப்பு. மிடில்ஸ்பரோவின் நிறமும் சிவப்பு. வாசலில் நின்ற ஸ்டீவர்டு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எதிரணி ரசிகர்கள் போகும் வாசல் அந்தப் பக்கம் என்று மரியாதையாகக் கை காட்டினார். டிக்கெட்டைக் காட்டிய பிறகும் அவர் முகத்தில் சந்தேகம் போகவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றி உள்பக்கம் வெளியே வரும்படி போட்டுக்கொண்டு உள்ளே போனேன். இப்போது சிரிப்பாக இருக்கிறது. ஆனால் எதிரணி நிறத்தில் சொந்த ரசிகர்கள் நடுவே போய் உட்கார்வதை அங்கே விளையாட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், வெளியே அனுப்பிவிடவும் செய்வார்கள். போகிற மேட்சில் எதிரணி என்ன நிறம் என்று பார்த்துவிட்டு உடை போடுங்கள். சந்தேகமாக இருந்தால் கறுப்பு.

அன்று 1-0 என்று கோவென்ட்ரி ஜெயித்தது. அந்தச் சீசனின் முதல் வெற்றி. தோற்ற மிடில்ஸ்பரோ இரண்டு நாளில் தன் மேனேஜரையே வீட்டுக்கு அனுப்பியது. எனக்கு ஆட்டத்தைவிட நினைவில் நிற்பது பக்கத்து இருக்கைப் பெரியவர்தான். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆட்டம் முழுக்கத் தன் அணியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். எதிரணியை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கோல் விழுந்ததும் என் தோளைப் பிடித்து உலுக்கிவிட்டு, உடனே ஏதோ தப்பு செய்துவிட்டவர் மாதிரி மன்னிப்புக் கேட்டார். நான் அப்படியே எங்கள் ஊர் மைதானத்துக் கல்கட்டில் உட்கார்ந்திருப்பது போல உணர்ந்தேன். திட்டுகிற மொழிதான் வேறு.

அப்புறம் அந்தச் சின்னம். அட்டையிலும் சட்டையிலும் கொடியிலும் யானை! கோவென்ட்ரி நகரத்தின் முத்திரையிலேயே முதுகில் கோட்டை சுமந்த யானை ஒன்று உண்டு, அதைத்தான் கிளப்பும் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆடுகளத்தைச் சுற்றிக் கையசைத்துக்கொண்டு வரும் பொம்மை வேஷமும் யானைதான். பனி பெய்யும் ஊரில் யானையைப் பார்த்ததும் திருச்சிக்காரன் திருவானைக்காவலுக்கே வந்துவிட்ட மாதிரி குதித்தான்.

சரி, முதல் மேட்ச் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று யாராவது கேட்டால் இதைத்தான் சொல்வேன்: பெரிய மேட்சுக்குப் போகாதீர்கள். எதிரணி யாரென்றே நீங்கள் கேள்விப்பட்டிராத, செவ்வாய்க்கிழமை ராத்திரி மேட்ச் ஒன்றைப் பிடியுங்கள். கூட்டம் குறைவாக இருக்கும், பக்கத்தில் இருப்பவர் பேசுவார், டிக்கெட்டும் சுலபம். அந்த லீகில் 24 அணிகள், ஆளுக்கு 46 ஆட்டம், அதில் 23 சொந்த ஊரில். ஆகஸ்டில் தொடங்கி மே வரை. நாம் செப்டம்பரில் வந்து இறங்குகிறோம், தேர்வும் அசைன்மென்ட்டும் இடையிடையே வரும், ஒரு வருட மாஸ்டர்ஸ் படிப்பவர் எவ்வளவு முயன்றாலும் பத்துப் பன்னிரண்டைத் தாண்டுவது கஷ்டம். அதனால் ஆர்வக் கோளாறில் முதல் மாதமே சீசன் டிக்கெட் வாங்கிவிடாதீர்கள். என் வகுப்பில் ஒருவன் வாங்கினான். ஐந்து மேட்ச் பார்த்தான். மீதி சனிக்கிழமைகளில் கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான்.

மாணவர் விசாவில் கல்லூரி நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை செய்யலாம். அந்த 20 மணியையும் பெரும்பாலும் சனி, ஞாயிறில்தான் கொடுப்பார்கள். மேட்ச் அட்டவணை வந்தவுடன் நான் ஒரு காகிதத்தில் எழுதி, நான் வேலை பார்த்த கிடங்கில் ஷிப்ட் போடுகிற அக்காவிடம் கொடுத்துவிடுவேன். பஞ்சாபிலிருந்து வந்து அங்கேயே குடியேறியவர். முதலில் முறைத்தார். பிறகு அவர் கணவரும் கோவென்ட்ரி ரசிகர் என்று தெரிந்தது. அதற்கப்புறம் எனக்கு ஞாயிறு ஷிப்ட்தான்.

நான் குடியிருந்தது ஹில்ஃபீல்ட்ஸ் என்ற பகுதியில், நகர மையத்திலிருந்து நடக்கும் தூரம். அங்கே மாணவர் வீடுகள் நிறைய. கடைக்குப் போகும் குறுக்கு வழியில் நாலு பக்கமும் புதுக் குடியிருப்புகள் சூழ்ந்த ஒரு புல்வெளி வரும். இரண்டு மாதம் அதன் ஓரமாகவே போய்வந்துகொண்டிருந்தேன். அது என்ன இடம் என்று பெரியவர்தான் சொன்னார். ஹைஃபீல்டு ரோடு. 1899 முதல் 2005 வரை கிளப்பின் வீடு. 1981இல் முழுக்க இருக்கைகள் போட்ட முதல் ஸ்டேடியமாக இங்கிலாந்திலேயே பெயர் வாங்கியது. அந்த யோசனை ஜிம்மி ஹில் என்பவருடையது. அறுபதுகளில் மேனேஜராக வந்து சட்டைக்கு வானீல நிறம் கொடுத்தவரும் அவரே. அதைச் சொல்லிவிட்டுப் பெரியவர், நீ தக்காளி வாங்கப் போகிற வழியில்தான் நாங்கள் லிவர்பூலை வரவேற்றோம் என்றார். அன்று மாலை அந்தப் புல்வெளியைக் கடக்கும்போது ஓரமாகப் போகாமல் நடுவே நடந்தேன்.

கேட்டால் சொல்வார்கள். இது நான் கற்றதிலேயே பயனுள்ள விஷயம். எதையும் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளத் தேவையில்லை. இது என் முதல் சீசன், எதுவும் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். பிறகு, நீங்கள் பார்த்த முதல் மேட்ச் எது என்று கேளுங்கள். வானிலையைத் தவிர வேறெதுவும் பேசாத ஆங்கிலேயர் அடுத்த அரை மணி நேரம் வாய் மூட மாட்டார். எனக்கு அப்படித்தான் 1987 கிடைத்தது. லீகுக்கு வெளியே எல்லா அடுக்கு அணிகளும் மோதும் எஃப்.ஏ. கோப்பையின் இறுதிப் போட்டி, டாட்டன்ஹாமை 3-2 என்று ஜெயித்தது, கீத் ஹௌச்சன் காற்றில் பாய்ந்து தலையால் முட்டிய கோல், கூடுதல் நேரத்தில் டாட்டன்ஹாம் வீரரின் முழங்காலில் பட்டே உள்ளே விழுந்த வெற்றி கோல். கோவென்ட்ரி வென்ற ஒரே பெரிய கோப்பை அது. பெரியவர் அதைச் சொல்லும்போது எழுந்து நின்றார். அப்பாவும் நின்றுதான் சொல்வார் என்று சொன்னேன் அல்லவா.

கிளப் பிறந்த கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 1883இல் சிங்கர் சைக்கிள் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கியது, சிங்கர்ஸ் என்ற பெயரிலேயே. நம் வீட்டுத் திண்ணையில் இருக்கும் தையல் மிஷின் சிங்கர் அல்ல, அது அமெரிக்கா. இது கோவென்ட்ரியில் ஜார்ஜ் சிங்கர் நடத்திய சைக்கிள் கம்பெனி.

நவம்பர், டிசம்பரில் எனக்கு வீட்டுக்காரரோடு பிரச்சினை. ஹீட்டர் வேலை செய்யவில்லை, கேட்டால் பதில் இல்லை, அதிகம் கேட்டால் வேறு வீடு பாருங்கள் என்ற தொனி. அதே மாதங்களில் கிளப்புக்கும் அதே கதை! ஸ்டேடியத்தை நடத்திய நிறுவனம் நொடித்து, ஸ்டேடியம் புது உரிமையாளர் கைக்குப் போய், கிளப்பை வெளியேறச் சொல்லும் நோட்டீஸ் வரை வந்தது. அவ்வளவு பெரிய கிளப், 32,609 இருக்கை உள்ள இடத்தில் ஆடியது, ஆனால் அப்போது வாடகைக் குடித்தனம். இதற்கு முன்பும் வாடகைத் தகராறில் 2013இல் ஊரைவிட்டே போய் நார்தாம்ப்டனில் ஒரு சீசன், 2019 முதல் பர்மிங்காமில் இரண்டு சீசன் ஆடியிருக்கிறது. நார்தாம்ப்டனுக்குப் போனபோது உள்ளே காசு கொடுத்துப் போக மாட்டோம் என்று பலர் மைதானத்துக்கு வெளியே இருந்த மேட்டில் நின்று பார்த்தார்களாம். நம் பெரியவரும் அதில் ஒருவர். ஒரு சீசன் முழுக்கக் கால்வாசி ஆடுகளம்தான் தெரிந்தது என்றார், பெருமையாக. ஹீட்டர் இல்லாத அறையில் போர்வைக்குள் உட்கார்ந்து கிளப்பின் வாடகைச் செய்தியை நான் படித்ததை நினைத்தால், அந்தக் குளிர்காலத்தில்தான் ஏதோ ஒட்டிக்கொண்டது என்று தோன்றுகிறது. ஜனவரியில் கிளப்புக்குப் புது முதலாளி வந்தார். எனக்குப் புது ஹீட்டர் வந்தது. (ஸ்டேடியத்தைக் கிளப் சொந்தமாக வாங்கியது 2025 ஆகஸ்டில்தான்.)

குளிரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். டிசம்பர் இரவு மேட்சில் உறைவது கையல்ல, கால். கான்கிரீட் தரையிலிருந்து குளிர் ஏறும். பெரியவர் அட்டைப்பெட்டியைக் கிழித்து மடித்துக் கொண்டுவந்து காலுக்கடியில் போட்டுக்கொள்வார். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். இரண்டு காலுறைக்கு மேல் அந்த அட்டை செய்கிற உபகாரம் பெரிது. பெரிய பை எடுத்துப் போகாதீர்கள், வாசலில் நிறுத்திவிடுவார்கள். பை கொண்டுபோகக் கூடாது, ஆனால் உள்ளே பை வாங்கிச் சாப்பிடலாம். இந்த இரண்டாவது பை இறைச்சியோ உருளையோ உள்ளே வைத்துச் சுட்ட பதார்த்தம். வெளியே ஆறியிருக்கும், உள்ளே எரிமலை. முதல் தடவை நாக்கைச் சுட்டுக்கொண்டு இரண்டாம் பாதி முழுக்க வாயைத் திறந்தபடி பார்த்தேன். பீர் குடிப்பவர்களுக்கு ஒன்று: ஆடுகளம் கண்ணில் படும் இடத்தில் குடிக்கக் கூடாது, சட்டமே உண்டு. உள்நடையிலேயே முடித்துவிட்டு வர வேண்டும்.

ஸ்டேடியம் நகர மையத்திலிருந்து வடக்கே மூன்று மைல். மேட்ச் முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஓடுவார்கள். நாங்கள் ஓடுவதில்லை. ஃபோல்ஸ்ஹில் ரோடு வழியாக நடந்துவிடுவோம். சேலைக்கடை, இனிப்புக்கடை, குருத்வாரா, மளிகைக்கடை என்று அந்தச் சாலையே பாதி நம் நாடு. வழியில் சமோசா, தேநீர். தோற்ற நாளில் நடை ஒரு மணி நேரம், ஜெயித்த நாளில் ஒன்றரை. புதிதாக வந்த மாணவர்கள் ஊரைத் தெரிந்துகொள்ள நகர மையத்திலேயே சுற்றுகிறார்கள். கோடிவா சீமாட்டியின் சிலை, 1940இல் குண்டுவீச்சில் இடிந்த தேவாலயம், இரண்டையும் படம் எடுத்துவிட்டு ஊரைப் பார்த்தாயிற்று என்கிறார்கள். நான் ஊரைத் தெரிந்துகொண்டது அந்தச் சாலையில்.

பிப்ரவரி 4ஆம் தேதி அப்பா ஃபோன் செய்தார். சனிக்கிழமை, அங்கே மூன்று மணி மேட்ச். ஓல்ட் டிராஃபோர்டில் யுனைடெட்டும் கிரிஸ்டல் பேலஸும். “கசெமிரோவுக்கு ரெட் கார்டு, பார்த்தியா?” என்றார். நான் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி மேட்சுகளை இங்கிலாந்துக்குள் டிவியில் நேரலையாகக் காட்டுவதில்லை, 2.45 முதல் 5.15 வரை தடை. ஜனங்கள் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டால் சின்னக் கிளப்புகளின் மைதானங்கள் காலியாகிவிடும் என்று எப்போதோ கொண்டுவந்த ஏற்பாடு. அப்பா குமரிக் கடற்கரையில் சோபாவில் சாய்ந்து ஓல்ட் டிராஃபோர்டைப் பார்க்கிறார். அதிலிருந்து நூறு மைலில் இருக்கும் நான் அவரிடம் ஸ்கோர் கேட்கிறேன். அப்பாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை. “மக்களே, நீ எதுக்கு அம்புட்டுக் காசு செலவழிச்சு அங்க போன?” என்றார். நியாயமான கேள்விதான்.

அந்த வசந்தத்தில் கோவென்ட்ரி மளமளவென்று ஏறியது. விக்டர் யோக்கெரெஸ் என்ற ஸ்வீடன்காரர் அந்தச் சீசனில் லீகில் 21 கோல் அடித்தார். அடிமட்டத்தில் கிடந்த அணி ஐந்தாவதாக முடித்து, மேல் லீகுக்குப் போகும் கடைசி இடத்துக்கான பிளே-ஆஃபுக்கு வந்தது. அரையிறுதியில் எதிரே யார்? மிடில்ஸ்பரோ. அங்கே போய் குஸ்தாவோ ஹாமர் அடித்த ஒரு கோலில் ஜெயித்தார்கள். இறுதிப் போட்டி மே 27, லண்டனின் வெம்ப்லி ஸ்டேடியத்தில், லூட்டன் டவுனோடு. ஜெயித்தால் 22 வருடத்துக்குப் பிறகு முதல் அடுக்கான பிரீமியர் லீக்.

எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. இது முழுக்க என் முட்டாள்தனம். வருடம் முழுக்க எங்கள் வீட்டு மூவருக்கும் டிக்கெட்டை திருச்சிக்காரன் கணக்கிலேயே வாங்கினோம், ஒருவன் வாங்கி மற்றவர் காசு அனுப்புவது சுலபம் என்று. பெரிய மேட்ச் வரும்போது சீசன் டிக்கெட்காரர்களுக்கு முதலில், பிறகு முன்பு டிக்கெட் வாங்கியதாகக் கணக்கில் பதிவானவர்களுக்கு என்றுதான் விற்கிறார்கள். என் பெயரில் ஒன்றுமே இல்லை. ஆஃப்சைடு என்றால் என்னவென்று மார்ச் மாதம் வரை கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு வெம்ப்லி டிக்கெட் கிடைத்தது. ஒன்றே ஒன்று. விட்டுக்கொடுப்பான் என்று நினைத்தேன். “ரீல்ஸ்டா” என்றான். வந்த முதல் வாரமே உங்கள் பெயரில் கணக்கு தொடங்கி, ஒவ்வொரு டிக்கெட்டையும் அதில் வாங்குங்கள். இளைஞர்களுக்கான விலை இருக்கும், வயதுக்கு அடையாள அட்டை வைத்துக்கொள்ளுங்கள். வெளியூர் மேட்சுக்குப் போக ரயில்கார்டு எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு குறையும்.

1-1. பெனால்ட்டியில் 6-5 என்று லூட்டன். ஒரே ஒரு உதை மேலே போனது. ஊரே பப்புகளில் இருந்தது. நான் ஒரு பப்பின் வாசலில், உள்ளே இடமில்லாமல், ஜன்னல் வழியே பார்த்தேன். பிறகு ஒரு மணி நேரம் தெருவில் சத்தமே இல்லை. அதுவரை கோவென்ட்ரியை “அவர்கள்” என்றுதான் அப்பாவிடம் சொல்வேன். அன்று ஃபோனில் “தோத்துட்டோம்பா” என்றேன். அப்பாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. யுனைடெட்டுக்கு மேட்ச் ஞாயிற்றுக்கிழமைதானே என்றார்.

அடுத்த வருடம் படிப்பு முடிந்து, வேலை தேடும் விசாவில் கோவென்ட்ரியிலேயே ஒரு சின்ன நிறுவனத்தில் சேர்ந்தேன். லெஸ்டரில் சித்தப்பா மகன் படித்துக்கொண்டிருந்தான். அவன் லெஸ்டர் சிட்டியைத் தத்தெடுத்திருந்தான். கேட்டால் 2016இல் பிரீமியர் லீகையே ஜெயித்த டீம் என்பான். இரண்டு ஊருக்கும் நடுவே ஒரே ஒரு நெடுஞ்சாலை, எம் 69. பகை பரம்பரையானது. 2024 ஜனவரியில் எங்கள் மைதானத்தில் 3-1 என்று அவர்களை அடித்தோம். பொங்கலுக்கு ஒன்றாகச் சமைக்கலாம் என்று பேசி வைத்திருந்தோம். பையன் வரவில்லை.

எல்லாம் இனிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு வெளியூர் மேட்ச் முடிந்து ரயிலில் வரும்போது, குடித்திருந்த ஒருவன் என் நிறத்தைச் சொல்லி ஏதோ கத்தினான். எந்த அணி ஆள் என்று தெரியாது, சட்டை சாதாரணச் சட்டை. நான் எதுவும் பேசவில்லை. எங்கள் பெட்டியில் இருந்த இரண்டு பெண்கள் வந்து நான் இருந்த வரிசையிலேயே உட்கார்ந்துகொண்டார்கள், அவ்வளவுதான் செய்தார்கள், அது போதுமாக இருந்தது. வெளியூருக்குத் தனியாகப் போகாதீர்கள். ஸ்டேடியத்துக்குள் இப்படி நடந்தால் வரிசை, இருக்கை எண்ணோடு உடனே ஸ்டீவர்டிடம் சொல்லுங்கள். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அந்த ஆள் கூட்டத்தில் கரைந்துவிடுவான்.

இப்போது 2024 ஏப்ரலுக்கு வருகிறேன். மார்ச்சில் எஃப்.ஏ. கோப்பை கால் இறுதியில் பிரீமியர் லீக் அணியான வுல்வ்ஸை அவர்கள் மைதானத்திலேயே, கூடுதலாகச் சேர்த்த நிமிடங்களில் இரண்டு கோல் அடித்து 3-2 என்று தோற்கடித்தோம். அரையிறுதிக்கு எதிரணி: மான்செஸ்டர் யுனைடெட். வெம்ப்லியில். கிடங்கின் பழைய நண்பர்கள் எல்லாருக்கும் என் கதை தெரியும், அறிவிப்பு வந்தபோது ஃபோன் ஓயவில்லை. இந்த முறை டிக்கெட் என் கணக்கில் இருந்தது.

இதில் இன்னொரு விசித்திரம். கோவென்ட்ரியின் அப்போதைய மேனேஜர் மார்க் ராபின்ஸ். 1990 ஜனவரியில், யுனைடெட் மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசனின் வேலை போய்விடும் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கு எதிராக எஃப்.ஏ. கோப்பையில் யுனைடெட்டுக்காக ஒரே கோல் அடித்த பையன் அவர்தான். அந்தக் கோல்தான் ஃபெர்குசனைக் காப்பாற்றியது என்பார்கள். அது இல்லையென்றால் 1999 இல்லை, எங்கள் வீட்டு ஞானஸ்நானக் கதையும் இல்லை. அப்பாவிடம் சொன்னேன். வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அப்ப அந்தாளுக்கு நாம கடன்பட்டிருக்கோம்” என்றார்.

ஏப்ரல் 21, ஞாயிறு. என்ன போடுவது என்று காலையில் யோசித்தேன் என்று சொன்னால் பொய். வானீலச் சட்டை முந்தின நாளே இஸ்திரி போட்டுத் தொங்கியது. உள்ளூர ஒரு சின்னப் பயம் மட்டும் இருந்தது: எதிரே சிவப்பைப் பார்த்ததும் பழைய பாசம் வந்துவிட்டால்? 58 நிமிடத்தில் யுனைடெட் 3-0. மூன்று கோலுக்கும் என் மனம் மூன்று தடவையும் கீழேதான் போனது. சரி, அந்தச் சந்தேகம் தீர்ந்தது. பக்கத்தில் சிலர் கிளம்பத் தொடங்கினார்கள். பெரியவர் கிளம்பவில்லை. (எனக்கு இரண்டு வரிசை முன்னால் அவர். முழங்கால் வலியோடு படியேறி வந்திருந்தார்.) 71ஆவது நிமிடம் எல்லிஸ் சிம்ஸ். எட்டு நிமிடம் கழித்து கேலம் ஓ'ஹேர் அடித்த பந்து ஒருவர் மேல் பட்டு எகிறி வலைக்குள். கூடுதல் நிமிடங்களும் முடியப்போகும் நேரத்தில் பெனால்ட்டி. ஹாஜி ரைட். 3-3. என் கண்ணாடி எங்கே போனதென்று தெரியவில்லை. யாரோ ஒரு சிறுமி இருக்கைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு 120 நிமிடமும் தாண்டி விக்டர் டோர்ப் நான்காவதை அடித்தார். முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று பெரியவர் திரும்பி என்னைத் தேடினார். நான் வரிசை தாண்டிப் போய் அவரைப் பிடித்துக்கொண்டேன். இருவரும் அழுதுகொண்டிருந்தோம். பிறகு திரையில் வி.ஏ.ஆர். என்று வந்தது, வீடியோ நடுவர் சரிபார்க்கிறார் என்று அர்த்தம். பந்து கொடுத்த ரைட்டின் கால் நுனி ஆஃப்சைடாம். கோடு போட்டுக் காட்டினார்கள். பெனால்ட்டியில் 4-2 என்று யுனைடெட். பெரியவர் தன் தொப்பியைக் கழற்றி, தட்டி, மறுபடி போட்டுக்கொண்டு, “புதன்கிழமையும் மேட்ச் இருக்கிறது” என்றார்.

யுனைடெட் அந்தக் கோப்பையை ஜெயித்தது, இறுதிப் போட்டியில் மான்செஸ்டர் சிட்டியை 2-1 என்று. அப்பா ஃபோனில் கத்தினார். நான் வாழ்த்துச் சொன்னேன், சித்தப்பா வீட்டு விசேஷத்துக்குச் சொல்வது போல.

ஓல்ட் டிராஃபோர்டுக்கு நான் போகவே இல்லை. அப்பாவின் சட்டை பெட்டியிலேயே கிடந்தது. அதற்குப் பதிலாக வெம்ப்லியில் வானீலச் சட்டையோடு எடுத்த படம் ஒன்றை அவருக்கு அனுப்பியிருந்தேன். ஊரில் எல்லாருக்கும் காட்டியிருப்பார் போல. எங்கள் பக்கத்தில் வானீலம் என்றால் ஒரே ஒரு கிளப்தான் தெரியும், அதுவும் யுனைடெட் வீடுகளில் பெயர் சொல்லக் கூடாத கிளப். மறுநாள் காலையில் அப்பா கூப்பிட்டார். குரலே சரியில்லை.

“மக்களே, கேக்கவங்க எல்லாம் கேக்காங்க. நீ சிட்டிக்கு மாறிட்டியா?”

“ஆமாப்பா” என்றேன். “சிட்டிதான். வேற சிட்டி.”